தினம் ஒரு படம்

அன்றைய வரவு செலவை அன்றே எழுதி முடிப்பது நம் தொழிலின் முதல் பாடம். மறுநாள் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட கடையில் கணக்கு நேராக நின்றதாக நாம் கேட்டதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761இல் காலமாகும் வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, ஊரில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. எழுதிய அன்று அது ஒரு வியாபாரியின் குறிப்பு. இன்று சரித்திரக்காரர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

அதே பழக்கத்தைக் கேமராவிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதே நாம் சொல்ல வருவது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில், குறிப்பாகக் காட்டூர்ப் பக்கத்தில், மளிகை, வலைநூல், ஐஸ், டீக்கடை என்று வைத்திருக்கும் அன்பர்களை நினைத்தே எழுதுகிறோம். செல்போன் பெரும்பாலும் கல்லா மேலேயே இருக்கிறது. புதிதாக முதல் போட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1979 மார்ச் 31 அன்று, போலராய்டு கேமராவில் ஒரு படம் எடுத்தார். அதிலிருந்து தினம் ஒன்று. 1997 அக்டோபர் 25 அன்று, தமது 41ஆவது பிறந்த நாளில், புற்றுநோயால் இறக்கும் வரை நிறுத்தவில்லை. 6,000க்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. நண்பர்கள், சாப்பாட்டுத் தட்டு, தெரு, கடைசியில் ஆஸ்பத்திரி. அவர் வைத்துக்கொண்ட விதி, நாளுக்கு ஒரே படம் என்பது. சரியாக விழவில்லை என்று இரண்டாவது எடுப்பதில்லை. போலராய்டில் ஒவ்வொரு படத்துக்கும் காசு. காசு கொடுத்து வாங்கிய சரக்கை வீணாக்க மனம் வராதல்லவா? செல்போனில் படத்துக்குச் செலவில்லை. அதனாலேயே பத்து எடுத்துப் பத்தையும் பார்க்காமல் விடுகிறோம். எடுப்பதற்கு முன்பே யோசிக்க வைக்கும் அந்த விதியை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் உற்சாகமாகப் போகும். இருபதாம் நாள் வாக்கில் சலிப்புத் தட்டும். “என்ன அண்ணாச்சி, தினமும் இதே தராசு, இதே டப்பாதானா?” என்று வாடிக்கையாளரே கேலி செய்வார். பெரும்பாலோர் விடுவது இங்கேதான். எடுக்க வேறு விஷயம் தேடி அலைய வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். எடுத்த பொருளையே இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆள் இருக்கிறார். புகைப்படக் கலைஞர் பழனி குமார் மதுரைப் பக்கத்துக்காரர். தாயார் மீன் வியாபாரி. கேமரா கைக்கு வந்ததும் அவர் மலையையோ கோயிலையோ தேடிப் போய் நின்றுவிடவில்லை. மீன் விற்கும் தாயையும் தம்மைச் சுற்றியிருந்த உழைப்பாளிகளையும் ஆண்டுக்கணக்கில் எடுத்தார். 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவரே. 2022இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. வீட்டு வாசலில் மீன் கூடை இருப்பவருக்குப் படத்துக்கு விஷயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். கிழக்கே கடல் என்பதால் காலை வெயில் தாழ்வாகச் சாய்ந்து வரும். ஆறரை மணிக்குக் கூடையில் கிடக்கும் மடவை மீனுக்கு அந்த வெயில் அழகு. பத்து மணிக்கு மேல் அதே மீன் தகரம் மாதிரி வெளுத்துவிடும். மீனின் வயிறு பளபளப்பதால் செல்போன் ஏமாந்துபோகும். திரையில் மீனின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுத்தால் செதில் தெரியும். ஆள் முகம் எடுக்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகை மூடாக்கு நல்லது. கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. உப்புக் காற்றில் லென்ஸ் மேல் மெல்லிய படலம் படியும். படம் புகை பிடித்தாற்போல் வந்தால் கேமராவைக் குறை சொல்லாமல் பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். இவையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வருவதைவிட, ஒரே இடத்தை நூறு நாள் எடுப்பதில் தானாகப் பிடிபடும். நாற்பதாம் நாள் படத்தை முதல் நாள் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதை விட்டுவிட்டு எடுக்கக் கற்றிருக்கிறோம் என்பது தெரியும்.

வாரத்தில் ஒரு நாள் படத்தைத் தண்ணீருக்கு ஒதுக்குங்கள். துறையில் ஒரே கம்பத்தையோ படிக்கல்லையோ அடையாளமாக வைத்து, ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் ஏரிக்குள் வருவது குறையும். இறாலும் நண்டும் குறையும். அதற்கடுத்து நம் கடைப் பற்று ஏறும். இந்தச் சங்கிலி இப்பக்கத்துக் கடைக்காரருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்று மனுக் கொடுக்கப் போகும்போது, “போன வருஷம் தண்ணி இவ்வளவு இருந்துச்சுங்க” என்று வாயால் சொல்வதற்கும், தேதி போட்ட ஐம்பது படங்களை மேஜையில் பரப்புவதற்கும் வித்தியாசம் உண்டு.

கடைக்கு வருபவரை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கடன் நோட்டு திறந்திருக்கும்போது எடுக்கவே வேண்டாம். அதில் ஊர்க் கௌரவம் இருக்கிறது.

1995இல் வந்த ‘ஸ்மோக்’ என்ற அமெரிக்கப் படத்தில் சுருட்டுக் கடைக்காரர் ஒருவர் தினமும் காலை எட்டு மணிக்குத் தம் கடை முனையைப் படமெடுக்கிறார். ஆல்பத்தைப் பார்க்கும் வாடிக்கையாளர், எல்லாம் ஒன்றுதானே என்று வேகமாகப் புரட்டுகிறார். மெதுவாகப் பாருங்கள் என்கிறார் கடைக்காரர். நிதானமாகப் பார்த்தவர் கண்ணில், இறந்துபோன தம் மனைவி அந்த முனையில் நடந்து போகும் ஒரு படம் படுகிறது. கதைதான், ஆனால் 2004 சுனாமியைக் கண்ட கடற்கரையில் இதைக் கதை என்று தள்ளிவிட முடியவில்லை.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போதே படங்களையும் பார்த்து, நன்றாக வந்த நாலைந்தைப் பொன்னேரிக்குப் போகும்போது பிரிண்ட் போட்டு, பின்னால் தேதியும் இடமும் எழுதி வையுங்கள். மீதியை மெமரி கார்டிலோ வீட்டுக் கம்ப்யூட்டரிலோ இன்னொரு பிரதி எடுத்து வைப்பது அவசியம். படகுத்துறையில் தண்ணீருக்குள் போன செல்போன்களுக்கு நம் பக்கத்தில் கணக்கே கிடையாது.