அரசு கூட்டும் அவைகளில் கருத்துரிமையும் நெறிப்படுத்தலும்: ஓமலூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மக்களின் கருத்தை அறிவதற்கென அரசே கூட்டும் அவைகளில் பேச்சுரிமை எவ்விடத்தில் வரம்புறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பேசவிடாமல் தடுப்பதைக் காட்டிலும், பேசியதை எழுதும் முறையிலேயே நெறிப்படுத்தல் மிகுதியாக நிகழ்கிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: கருத்துரிமை, கருத்துக்கேட்புக் கூட்டம், கிராம சபை, நில எடுப்பு, ஓமலூர்

முன்னுரை

சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் அமைந்துள்ளது. 2018 மார்ச்சில் அங்கு விமானச் சேவை மீண்டும் தொடங்கிய நிலையில், காமலாபுரம், சிக்கனம்பட்டி, பொட்டியபுரம், தும்பிப்பாடி ஆகிய ஊர்களில் விரிவாக்கத்துக்காகச் சுமார் 570 ஏக்கர் நிலம் எடுக்கும் முயற்சி எழுந்தது, உழவர்கள் எதிர்த்தனர். அதே ஆண்டில் 277 கி.மீ. நீளமுள்ள சேலம்–சென்னை எட்டுவழிச்சாலைத் திட்டமும் வந்து சேர்ந்தது. மே மாதம் தும்பிப்பாடியில் உழவர்களிடையே பேசிய நடிகர் மன்சூர் அலிகான், அப்பேச்சுக்காக ஜூனில் கைதுசெய்யப்பட்டார்.

அது அவைக்கு வெளியே நிகழ்ந்த பேச்சு. அதன் எல்லையை அரசமைப்பின் 19(2) உறுப்பும் குற்றவியல் சட்டமும் வகுக்கின்றன. அரசே அழைத்து நடத்தும் அவையிலோ வினா வேறாகிறது: அங்குச் சொல்லப்பட்ட சொல் பின்னர் என்னவாகிறது?

பேசுவோரும் பேசுபொருளும்

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் (1956) 3சி பிரிவின்படி, நிலத்தில் உரித்துடையவர் 21 நாட்களுக்குள் அந்நிலத்தைப் பயன்படுத்துவதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கலாம். நிலமற்ற கூலித் தொழிலாளிக்கும் பக்கத்து ஊராருக்கும் இவ்வாயில் பெரும்பாலும் திறப்பதில்லை. எட்டுவழிச்சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ஏற்று, அவற்றை வெளியிடும் முன்னரே சுற்றுச்சூழல் அனுமதி பெறத் தேவையில்லை என்றது. வருவாய் ஆவணங்களில் செய்யப்பட்ட பெயர் மாற்றங்களை மட்டும் செல்லாதவையாக்கியது. ஆகவே ஊரார் கூடிப் பேசும் கருத்துக்கேட்பு, புல எண்கள் அரசிதழில் ஏறிய பின்னரும் நிகழக்கூடும். பேச்சின் பயனைக் காலமே வரையறுத்துவிடுகிறது.

கருத்துக்கேட்பின் விதிகள்

2006 செப்டம்பர் 14 ஆம் நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பு, பொதுமக்கள் கருத்துக்கேட்பை விரிவாக வகுக்கிறது. மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவர் சார்பாளரோ தலைமையேற்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை இல்லை. நிகழ்வு முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் விதியின் சொற்களைக் கூர்ந்து நோக்கினால், அது திட்டம் குறித்துத் தகவலும் விளக்கமும் கேட்கும் வாய்ப்பாகவே உள்ளது. திட்டமே வேண்டாம் என்போரும் அவ்வாயில் வழியாகத்தான் நுழைய வேண்டியுள்ளது.

மொழியும் ஒரு வரம்பே. திட்டச் சுருக்கம் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் தரப்படும். முழு அறிக்கைக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு மறுமொழி கூற வேண்டியவர் கையில் சில பக்கங்களே கிடைக்கின்றன. முன்னறிவிப்பை 20 நாளாகக் குறைக்க முனைந்த 2020 ஆம் ஆண்டு வரைவு அறிவிக்கைகூட, மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30 அன்று ஆணையிட நேர்ந்தது.

எல்லாவற்றினும் நுட்பமானது நடவடிக்கைக் குறிப்பு. தெரிவிக்கப்பட்ட கருத்துகள் அனைத்தையும் பிழையின்றிக் காட்டும் சுருக்கம் எழுதப்பட்டு, கூட்ட இறுதியில் வட்டார மொழியில் விளக்கப்பட்டு, ஒப்புக்கொள்ளப்பட்ட குறிப்பில் அன்றே கையொப்பமிட வேண்டும் என்கிறது விதி. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்ளலாம். ஒரு மூதாட்டி, மாமனார் வெட்டிய கிணறு இன்னும் வற்றவில்லை என்றும், அதை நம்பி மூன்று குடும்பங்கள் உள்ளன என்றும் கூறுகிறார். குறிப்பில் அது ‘வாழ்வாதாரப் பாதிப்பு குறித்த அச்சம்’ ஆகிறது. எதிரே, ‘உரிய இழப்பீடு வழங்கப்படும்’ என்னும் விடை பொருந்தி அமர்கிறது. கிணறு என்று எழுதியிருந்தால் கிணற்றுக்கு விடை கூற வேண்டியிருந்திருக்கும். இதில் தணிக்கை என்று சுட்டத்தக்க செயல் எதுவுமில்லை. அலுவலக நடையின் இயல்பே அவ்வேலையைச் செய்து முடிக்கிறது.

கிராம சபை

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் (1994) கீழ் கூடும் கிராம சபையில் ஊராட்சித் தலைவர் தலைமையேற்கிறார். வாக்காளர் அனைவரும் உறுப்பினர். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்ட நாட்கள் 2022 முதல் ஆறாயின. கூட்டப்பொருள் பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறையிலிருந்தே வருகிறது. எனினும் இங்குத் தீர்மானம் அவையின் சொல்லாகவே பதிவேட்டில் ஏறுகிறது என்பது முக்கியமான வேறுபாடு. மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதி ஊர்கள் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேற்றின. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தைக் கைவிட்டது. தீர்மானங்களே அதற்குக் காரணம் என்பது மிகை. போராட்டமும் சட்டமன்றத் தீர்மானமும் உடன் நின்றன.

கருத்துக்கேட்பிலும் இவ்வாய்ப்பு முற்றிலும் இல்லை எனல் பொருந்தாது. ‘ஒப்புக்கொள்ளப்பட்ட குறிப்பு’ என்னும் விதிச்சொல், தம் சொல்லை மாற்றி எழுதியிருந்தால் திருத்தக் கோரும் இடத்தை அவையோருக்குத் தருகிறது. ஆனால் குறிப்பு வாசிக்கப்படுவது கூட்டத்தின் இறுதியில். அதற்குள் தொலைவிலிருந்து வந்தோர் பலர் ஊர் திரும்பிவிடுவது இயல்பு. பின்னர் அக்குறிப்பு ஊராட்சி அலுவலகத்திலும் வைக்கப்பட வேண்டும் என்று விதி உள்ளது. காணொளிப் பதிவோ நடவடிக்கைகளுடன் ஒழுங்குமுறை அதிகார அமைப்புக்கு அனுப்பப்படுகிறது.