கடல் காணா ஆறு

ஆறுகள் யாவும் ஈற்றிற் கடலையே சேரும் என்பது பொதுவான எண்ணம். வடமேற்குச் சீனாவிலுள்ள தாரிம் ஆறு இதற்கு விலக்காகும். அதன் வடிநிலத்தை வடக்கே தியான்சான், மேற்கே பாமிர், தெற்கே குன்லுன் ஆகிய மலைகள் சூழ்ந்து ஈரக்காற்றைத் தடுக்கின்றன. ஆதலின் நடுவே தக்கிளமக்கான் பாலைவனம் பரந்து கிடக்கின்றது. மலைகளின் பனியும் பனிக்கட்டியாறுகளும் கோடையில் உருகித் தரும் நீரே இங்கு உயிர்நாடி. அந்நீர் அடிவாரத்திலே கஷ்கார், யார்க்கண்டு, கோட்டான் முதலிய பாலைவனச் சோலைகளை வளம்படுத்தும். எஞ்சியது முன்னாளிற் கிழக்கே லொப்நோர் ஏரியில் முடிவுற்றது.

கடலுக்கு வாயிலற்ற ஏரியிலிருந்து நீர் ஆவியாகியே வெளியேறும். அது கொணர்ந்த உப்போ அங்கேயே தங்கும். வரும் நீர் குறையின் ஏரி சுருங்கும். மேலாற்று நீர் பயிர்ச்செய்கைக்கு மிகுதியாகத் திருப்பப்பட்டதனால், 1970களின் தொடக்கத்தில் லொப்நோர் முற்றும் வற்றி உப்புப் படுகையாயிற்று. கீழாற்றிலும் ஏறத்தாழ 320 கிலோமீற்றர் வறண்டது. கரையோரப் பொப்ளார் மரங்கள் பட்டுப்போயின. 2000ஆம் ஆண்டு தொடக்கம் நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபின், ஆறு தைத்தேமா ஏரியை மீண்டும் எட்டியது, கரைமரங்களும் தளிர்த்தன.

கடலில் வீணே கலக்கும் நீர் என ஒன்று இவ்வடிநிலத்தில் இல்லை. மேலே மிகுத்து எடுப்பது கீழே குறைந்தே தீரும்.