கலகெதரையும் திருச்சிராப்பள்ளியும்: வான்வழித் தூரமும் பயண நேரமும்

கலகெதரையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நம்மவருட் பலருக்குத் தமிழகத்தில் உறவினர் உளர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாகத் தமையன் இங்கும் தம்பி அங்குமாய்ப் பிரிந்த குடும்பங்கள் பல. அக்கரையிலிருந்து துயரச் செய்தி வருங்கால், "இன்று புறப்பட்டால் முகம் பார்க்கலாமா?" என்பதே முதல் வினா. அதற்கு விடைகாணும் முறையை ஈண்டு விளக்குவோம்.

முதலில் தூரம். பூமியின் மேற்பரப்பில் ஈரிடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டமொன்றின் வில்லாகும். அணித்தாயுள்ள ஊர்களுக்கு அதனை நேர்கோடெனவே கொள்ளலாம். அகலாங்கிற் பாகை ஒன்றுக்கு 60 கடல்மைல். கடல்மைல் ஒன்று 1.852 கிலோமீற்றர். கட்டுநாயக்கா வட அகலாங்கு 7.2 பாகையிலும் திருச்சி 10.8 பாகையிலும் உள்ளன. வித்தியாசம் 3.6 பாகை, அஃதாவது 216 கடல்மைல். நெட்டாங்கு வித்தியாசமாகிய 1.2 பாகை இப்பகுதியில் 71 கடல்மைலாகும். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால், மூன்றாம் பக்கம் 227 கடல்மைல், ஏறக்குறைய 420 கிலோமீற்றர். பத்தாம் வகுப்பு மாணவர் ஐந்து நிமிடத்திற் செய்யத்தக்க கணக்கே இது.

இனி நேரம். மணிக்கு 800 கிலோமீற்றர் செல்லும் ஜெற் விமானத்துக்கு இத்தூரம் அரைமணி நேர வேலையே. ஆயின் அட்டவணை ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் காட்டும். ஓடுபாதைவரை ஊர்தல், மேலெழுதல், இறங்குமுன் திசை திரும்புதல் யாவும் அதனுள் அடங்கும். குறும்பயணங்களில் விமானம் முழு வேகத்திற் பறக்கும் நேரம் சிறிதே.

நிற்க, கலகெதரையார்க்கு வானம் ஒரு சிறு பகுதிதான். குருநாகல் வழியாகக் கட்டுநாயக்காவை அடையச் சுமார் மூன்று மணித்தியாலம். விமானம் புறப்படுமுன் அங்கே மூன்று மணித்தியாலம். அக்கரையிற் சோதனைகளுக்கு ஒரு மணித்தியாலம். ஆக எட்டு மணித்தியாலத்தில் ஒன்றே விமானத்துக்குரியது. அன்று விமானம் உண்டா என்பதை முன்னரே அறிதல் வேண்டும். விசா கைவசமில்லாதார்க்கு இக்கணக்கு எதுவும் உதவாது.

பலாலி வழி அண்மையானது என்பாருமுளர். 2019ஆம் ஆண்டு சர்வதேச நிலையமான பலாலிக்கும் சென்னைக்கும் இடையே 355 கிலோமீற்றரே என்பது மெய். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கோ 645 கிலோமீற்றர். எனினும் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி 321 கிலோமீற்றர் நீளமுடையது. வானில் மீதப்படுத்திய அரைமணியை வீதியிற் பன்மடங்காகச் செலுத்த நேரும். வடபகுதியார்க்கு வரமான அவ்வழி நமக்கு ஏற்றதன்று.

1914 முதல் நம் முன்னோர் தலைமன்னார்வரை புகைவண்டியிலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலிலும் சென்றனர். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்குச் சென்றது. ஒப்பந்தத்தின்கீழ்ச் சென்றோர் மண்டபம் முகாமை அடைந்தது இவ்வழியாலேயே. எண்பதுகளில் அச்சேவையும் நின்றது.

கடிகார முள்ளைத் திருப்ப வேண்டியதில்லை. 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் இந்திய நேரத்துக்கு முந்தியிருந்தது. 2006 ஏப்ரில் முதல் இரு நாடுகளுக்கும் ஒரே நேரமே.