உங்க ரீசார்ஜ்ல போற அந்த 5 சதவீதம் எங்க போகுது?

போன வாரம் சம்பள பட்ஜெட் வீடியோ ஷூட் பண்ணும்போது எங்க ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன் ஓரமா நின்னு பார்த்துட்டு இருந்தார். முடிஞ்சதும், "செலவுல போன் ரீசார்ஜையே எழுதலையே சார்?"ன்னு கேட்டார். தனியா எழுதற அளவுக்கு அது ஒரு செலவாவே எனக்குத் தோணல. அவருக்கு அப்படி இல்ல. 2024 ஜூலையில கட்டணம் ஏறினதுல இருந்து, காலேஜ் படிக்கிற மகளோட போனுக்குப் பரீட்சை மாசத்துல மட்டும்தான் ரீசார்ஜாம். மத்த நாள் அப்பா டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் ஹாட்ஸ்பாட்.

இந்த மாதிரி குடும்பங்களுக்கும் இன்டர்நெட் எட்டணும்னுதான் நம்ம எல்லார் ரீசார்ஜ்லயும் மறைமுகமா ஒரு தொகை எடுக்கறாங்க. அவர் ரீசார்ஜ்லயும் சேர்த்துத்தான்.

கணக்கைப் பார்ப்போம். நீங்க 28 நாளுக்கு ரூ.299 ரீசார்ஜ் பண்றீங்க. அதுல 18% ஜிஎஸ்டி சுமார் ரூ.45.60. மீதி ரூ.253.40 கம்பெனியோட வருமானம். இந்த வருமானத்துல சில கழிவுகள் போக நிக்கிறதுக்குப் பேர்தான் ஏஜிஆர். அதுல 8 சதவீதத்தை லைசென்ஸ் கட்டணமா கம்பெனி அரசுக்குக் கட்டணும். அந்த 8-ல 5 சதவீதம், கிராமங்களுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் சேவை கொண்டுபோற நிதிக்கு. நம்ம ரூ.299-ல அது சுமார் ரூ.12.65. வருஷத்துக்கு 13 ரீசார்ஜ்னா ரூ.165 கிட்ட. பில்லுல ஜிஎஸ்டிக்கு வரி இருக்கும், இதுக்கு இருக்காது. ஆனா விலைக்குள்ள உட்கார்ந்திருக்கு, அதுக்கு மேலயும் ஜிஎஸ்டி ஏறுது!

வருஷம் ரூ.165-க்கு ஒரு கட்டுரையான்னு கேப்பீங்க. மாசம் ரூ.80,000 வாங்கற உங்களுக்கு மொத்த ரீசார்ஜ் செலவே வருமானத்துல 0.4%தான். ரூ.14,000 வாங்கறவருக்கு அதே பிளான் 2.3%. ரெண்டு பேர்கிட்டயும் அந்த நிதிக்குப் போறது அதே ரூ.165. வருமான வரியில ஸ்லாப் இருக்கு, இங்க இல்ல. இன்னொண்ணு, உங்க போன் பில்லை கம்பெனி ரீஇம்பர்ஸ் பண்ணினா அது பெர்க்விசிட்டா உங்க வருமானத்துல சேராது. செக்யூரிட்டி அண்ணனுக்கு எந்தக் கம்பெனி ரீஇம்பர்ஸ் பண்ணப் போகுது?

இந்த நிதி 2002-ல தொடங்கினது. அப்போ பேர் யூஎஸ்ஓ ஃபண்ட். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அதை 'டிஜிட்டல் பாரத் நிதி'ன்னு மாத்திடுச்சு. பாரத்நெட் கேபிள், சிக்னல் இல்லாத ஊர்களுக்கு டவர் எல்லாம் பெரும்பாலும் இதுல இருந்துதான்.

எனக்கு உறுத்தறது இதுக்கு அடுத்த கட்டம். வசூலாகற பணம் நேரா இந்த நிதிக்குப் போகாது. முதல்ல மத்திய அரசோட தொகுப்பு நிதிக்குப் போகும். அங்க இருந்து நாடாளுமன்றம் ஒதுக்கற தொகைதான் நிதிக்கு வரும். வசூலானதைவிடக் குறைவா மாத்தியிருக்காங்கன்னு சிஏஜி தன் அறிக்கைகள்ல சுட்டிக்காட்டியிருக்கு. செலவாகாத 'இருப்பு'ன்னு பல பத்தாயிரம் கோடி ரூபாய் கணக்குல நிக்குது. சட்டப்படி அது காலாவதி ஆகாது. ஆனா தனி பேங்க் அக்கவுண்ட்ல பணமாவும் இல்ல. நம்ம ஆளுங்க எக்செல்ல 'எமர்ஜென்சி ஃபண்ட் 3 லட்சம்'னு எழுதி வச்சுட்டு, பணத்தை சம்பள அக்கவுண்ட்லயே விட்டு ஸ்விகியிலயும் இஎம்ஐயிலயும் கரைப்பாங்களே, அதே கதை. தனி ஆள் பண்ணினா நான் திட்டுவேன்.

சரி, எப்படி மாத்தலாம்? டிராய் 2015-லயே இந்த 5-ஐ 3 சதவீதமாக் குறைக்கச் சொல்லுச்சு. நடக்கல. கையிருப்பு தீரும்வரை வசூலையே நிறுத்துங்கன்னு கம்பெனிகளோட சங்கம் கேக்குது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 5 சதவீதம் குறைஞ்சா உங்க ரூ.299 பிளான் ரூ.284 ஆகும்னு நினைக்கிறீங்களா? கம்பெனி அந்த லாபத்தை உங்களுக்குத் தரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. எனக்கு நம்பிக்கை இல்ல.

யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் மாதிரி டேட்டாவை அள்ளிக் குடிக்கிற பெரிய நிறுவனங்களும் பங்கு தரட்டும்னு ஒரு வாதம் இருக்கு. (இந்தச் சேனலே யூடியூப்லதான் ஓடுது, அதையும் சொல்லிடறேன்.) அதுவும் சுத்தி வந்து சந்தா விலையில ஏற வாய்ப்பிருக்கு.

பொது பட்ஜெட்ல இருந்து கொடுத்தா? வருமான வரி கட்டறவங்க அதிகம் சுமப்பாங்க, அதனால நியாயம் கூட. ஆனா அமெரிக்காவுல நடந்ததைப் பாருங்க. ஏழைக் குடும்பங்களோட இன்டர்நெட் பில்லுல மாசம் 30 டாலர் வரை கழிக்க அரசு பணத்துல ஒரு திட்டம் வந்துச்சு. சுமார் 2.3 கோடி குடும்பங்கள் சேர்ந்தாங்க. அந்த நாட்டு நாடாளுமன்றம் புதுசா பணம் ஒதுக்கல, 2024 ஜூன் 1-ல திட்டம் முடிஞ்சுது. அங்கயும் நம்மளை மாதிரி பில் வழி வசூல் தனியா ஒண்ணு இருக்கு. பிராட்பேண்டை விட்டுட்டு முக்கியமா வெளிமாநில, வெளிநாட்டு அழைப்பு வருமானத்துல மட்டும் எடுக்கறதால, அந்த வருமானம் தேயத் தேய விகிதம் ஏறி 2025-ல 36 சதவீதத்தைத் தொட்டுடுச்சு. நம்ம 5 சதவீதம் டேட்டா வருமானத்துலயும் எடுக்கறாங்க, அதனால வசூல்ல நமக்குப் பிரச்சினை இல்ல.

அதனால என் கருத்து, வசூலை நிறுத்த வேண்டாம். வசூலான தொகை அந்தந்த வருஷமே முழுசா நிதிக்கு மாறணும். அதுல ஒரு பங்கு கேஸ் மானியம் மாதிரி, வருமானம் குறைந்த வீட்டோட அக்கவுண்ட்டுக்கு நேரா ரீசார்ஜ் உதவியாப் போகணும். இத்தனை வருஷமும் பெரும்பாலான பணம் கேபிளுக்கும் டவருக்கும்தான் போயிருக்கு. அது தேவைதான், தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிகளுக்கும் இழுக்கற பாரத்நெட் ஃபைபரும் அதுல ஒண்ணு. ஆனா செக்யூரிட்டி அண்ணன் வீட்டு மாடியில நாலு கட்டை சிக்னல் வருது. அங்க இல்லாதது ரீசார்ஜ் பணம்.

அடுத்த பிப்ரவரி 1 அன்னைக்கு வருமான வரி ஸ்லாப் பார்த்து முடிச்சதும், பட்ஜெட் ஆவணத்துல தொலைத்தொடர்புத் துறையோட மானியக் கோரிக்கையையும் திறங்க. டிஜிட்டல் பாரத் நிதிக்கு எவ்வளவு மாத்தியிருக்காங்கன்னு ஒரு வரி இருக்கும். லைசென்ஸ் கட்டணமா வந்ததுல எட்டுல அஞ்சு பங்கு எவ்வளவுன்னு போட்டு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.