கறுத்த பிள்ளையின் மனசு

கறுப்பாக இருக்கிறவர்களுக்கு மனசு சீக்கிரம் சோர்ந்துபோகுமா என்று கேட்டீர்களே, முதலில் தோலுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். டீ ஆறட்டும்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைச் சுரக்கிற செல்கள் ஆலங்குடி வயலில் களையெடுக்கிற பெண்ணுக்கும் லண்டன் வெள்ளைக்காரருக்கும் எண்ணிக்கையில் ஏறத்தாழ ஒன்றுதான். சுரக்கும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதன் வேலை. மூளைக்குள்ளும் நியூரோமெலனின் என்றொரு கருநிறமி உண்டு. அது எல்லா நிறத்தவருக்கும் இருக்கிறது. தோல் நிறத்தை அது பின்பற்றுவதில்லை. ஆகவே கறுப்பு என்பதாலேயே சோர்வு வராது. சிலர் நம்புவதுபோல் தனி மனவலிமையும் வராது.

அப்படியானால் நோவு எங்கிருந்து வருகிறது? 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டினார்கள். நல்ல பொம்மை எது என்றதும் பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைத் தொட்டன. மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகள்! பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவர்கள் ஆய்வையும் சுட்டியது.

நம் புதுக்கோட்டைப் பக்கம் பொம்மையே வேண்டாம். மாசமாக இருக்கிறவளுக்குக் குங்குமப்பூ. பிள்ளை பிறந்ததும் ‘கலரா இருக்கா?’ கொஞ்சம் வளர்ந்தால் ‘வெயில்ல ஆடாத, கறுத்துப்போயிருவ.’ பொண்ணு பார்க்க வந்தால் ‘நிறம்தான் கொஞ்சம் கம்மி.’ நிறத்தை வைத்துச் சாதியை ஊகிக்கிற கொடுமையும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்கிறவர்களில் பாதிப் பேர் அத்தையும் சித்தியுமாக இருப்பதால் பிள்ளையால் எதிர்த்துப் பேசவும் முடிவதில்லை. கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல், போட்டோவுக்கு நிற்காமல், வகுப்பில் கை தூக்காமல் அது ஒதுங்கத் தொடங்குகிறது.

அடுத்து கிரீம். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது; ஆசை மாறவில்லை. எனக்கு அதைவிடப் பயம், உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத டப்பாக்கள்தான். சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது மெலனின் உருவாவதைத் தடுக்கும். தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பதற்றத்தையும் மனச்சோர்வையும்கூட உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வெளுத்தால் மனசு தெளியும் என்று பூசுவது மனசையே கெடுக்கலாம், பாருங்கள்.

மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீமும் ஆபத்து. முதலில் பளிச்சென்று காட்டும், பிறகு தோல் மெலிந்து, பரு வெடித்து, முகம் எரியும். உங்கள் மகள் அப்படி எதையாவது பூசினால் திட்டாதீர்கள். டப்பாவோடு அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம். காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.