காட்டு ஆராய்ச்சியும் அதன் பலனும்

தாராவியிலிருந்து பாந்திராவுக்குச் செல்வோர் மித்தி ஆற்றைக் கடக்கும்போது, கரையோரச் சேற்றில் நெருங்கி நிற்கும் பசிய மரங்களைக் கண்டிருப்பார்கள். செம்பூர் அன்பர்கள், மான்குர்டைத் தாண்டி வாஷிப் பாலத்தில் ஏறும் ரயிலிலிருந்து தாணே கழியோரத்திலும் அவற்றைக் காணலாம். நம்மில் பலர் சேற்று நாற்றத்துக்கு அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொள்கின்றோம். ஆயினும் இம்மரங்கள் நமக்கு அந்நியம் அல்ல. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. கடல்நீர் ஏறி வடியும் சேற்றில் வளரும் இக்காட்டை அலையாத்திக் காடு என்பர்.

இத்தகைய காடுகளை ஆராய்வதற்குப் பொதுப்பணம் செலவாகின்றது. அதனால் விளைந்த பலன் யாது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டால், வெளியிட்ட கட்டுரைகளையும் நட்ட கன்றுகளையும் கணக்கிட்டுச் சொல்வதே பெரும்பாலும் வழக்கம். நட்ட கன்று பத்தாண்டு கழித்து நிற்கின்றதா என்பது வேறு கணக்கு. அக்கணக்கைப் பார்த்த இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கின்றது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் முகங்களுக்கு இடையே, பிச்சாவரம் காடு இருக்கின்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் காட்டிலாகா இக்காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, முறை வைத்து ஒவ்வொன்றாக அடியோடு வெட்டி வந்தது. சுதந்திரத்துக்குப் பின்னும் 1970-ஆம் ஆண்டுகள் வரை இம்முறை நீடித்தது. வெட்டிய இடம் தானே தழைக்கும் என்பது நம்பிக்கை, தழைக்கவில்லை. விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் கிராமத்தார்தாம் காட்டை அழித்தனர் என்று பழி எழுந்தது.

சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-ஆம் ஆண்டுகளில் அங்கே மண்ணையும் நீரையும் சோதித்தனர். வெளியான உண்மை வேறு. மரநிழல் போனதும் வெயில் பட்டுச் சேறு காய்ந்து, நிலம் தாழ்ந்து தாம்பாளம்போல் ஆகிவிட்டது. பெருக்கில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கியது. அது காயக் காய உப்பு ஏறியது. அந்த உப்பில் கன்று பிழைக்கவில்லை. நோய்க்குக் காரணம் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. இயற்கையான ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என, மீன்முள் வடிவில் வெட்டினர். நீர் வந்து போயிற்று, உப்புக் குறைந்தது, கன்றுகள் பிடித்தன. பழி சுமந்த கிராமத்தாரும் காட்டிலாகாவினரும் இவ்வேலையில் கூட்டாளிகள் ஆனார்கள்.

பின்னர், செயற்கைக்கோள் எடுத்த படங்களை ஒப்பிட்டு, 1986-க்கும் 2002-க்கும் இடையே காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதவிகிதம் பெருகியிருப்பதாகக் கண்டனர். வெட்டுவதை நிறுத்தியதாலேயே காடு தேறியிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். வெட்டு நின்று பல ஆண்டுகள் ஆகியும் அந்தப் பள்ளங்கள் வெறுமையாகவே கிடந்தன என்பதே அதற்கு விடை.

ஆனால் எல்லாப் பலனையும் இவ்வாறு எளிதில் அளந்துவிட முடிவதில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் உயிர்ச்சேதம் குறைவு என்று, பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2005-இல் எழுதினர். மறு ஆண்டே வேறு சிலர் அதே புள்ளிவிவரங்களை எடுத்து மறுத்தனர். ஊர் மேட்டில் இருந்ததா, கடலுக்குத் தொலைவில் இருந்ததா என்பவற்றைக் கழித்துப் பார்த்தால் மரத்தின் பங்கு மிகவும் சுருங்கிவிடுகின்றது என்பது அவர்கள் வாதம். இதனால் காடு பயனற்றது என்று ஆகிவிடாது. மீனும் நண்டும் இறாலும் அங்கே வளர்வதை வலைஞர்கள் அறிவார்கள். ஒரே உயரத்தில், ஒரே தொலைவில், காடு உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றிக் காட்டின் பங்கு இவ்வளவு என்று சொல்லுதல் அரிது.

மும்பைக்கும் இக்கேள்வி உரியது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மித்தி கரைபுரண்டதை இங்கே பலர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டிலேயே பம்பாய் உயர்நீதிமன்றம் மகாராஷ்டிரத்தில் அலையாத்திக் காடுகளை அழிப்பதைத் தடை செய்தது. 2012-இல் இக்காடுகளுக்கென மாநில அரசு தனிப் பிரிவு அமைத்தது. பாலத்துக்காகவோ சாலைக்காகவோ மரம் வெட்டப்படும்போது, ஈடாக வேறிடத்தில் இத்தனை கன்றுகள் நடப்படும் என்ற அறிவிப்பு வருகின்றது. அந்த இடத்தில் கடல்நீர் ஏறி வடிகின்றதா என்பதையும், ஐந்தாண்டு கழித்து அதே இடத்தை யார் படம் எடுப்பார் என்பதையும் பிச்சாவரத்தை அறிந்தவர் கேட்பார்.

தாராவிக்கு அருகே, குப்பை மேடாக இருந்த நிலத்தில் வளர்க்கப்பட்டு 1994-இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கின்றது. அதன் ஓரமாக மித்தி ஓடுகின்றது. வற்ற நேரத்தில் சென்றால், வெண்கண்டலின் மூச்சுவேர்கள் ஆணி அடித்தாற்போல் சேற்றில் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அவற்றினிடையே நீர் வடிந்து போகின்றதா, பிளாஸ்டிக் பைகள் அடைத்துத் தேங்குகின்றதா என்பதையும் ஒரு கணம் நின்று பாருங்கள்.