உக்குவளையின் சுற்றாடல் திட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பிரதேச சபைகள் சுற்றாடல் முகாமைத்துவத் திட்டம் என்ற பெயரில் வரைந்து வைப்பவை பெரும்பாலும் குப்பை டிரக்டரின் நேர அட்டவணையில் தொடங்கி, உலக சுற்றாடல் தினமான ஜூன் 5ஆம் திகதி நடவேண்டிய மரக்கன்றுகளின் எண்ணிக்கையில் முடிந்துவிடுகின்றன. குப்பை சிறிய விடயம் என்று யாரும் சொல்ல முடியாது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின் அதை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் மாத்தளை மாவட்டத்து உக்குவளை போன்ற ஓரிடத்தில் குப்பையிலிருந்து தொடங்குவது தலைகீழ் வேலை. அங்கே முதலில் வரைய வேண்டியது நீரும் மண்ணும் இறங்கிப் போகும் வழியை. எந்தக் குப்பையை எங்கே கொட்டக் கூடாது, எந்த வீட்டை எங்கே கட்டக் கூடாது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெளியும்.

உக்குவளையின் நீர்க்கணக்கு இலங்கையின் மற்ற ஊர்களுடையதைப் போன்றதல்ல. கண்டிக்குக் கீழே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியாக அதன் நீர் 1976 முதல் உக்குவளை மின்நிலையத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. 40 மெகாவாற் அளவிலான அந்த நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர் சுதுகங்கையில் விழுகிறது. சுதுகங்கை வடக்கே ஓடி அம்பன் கங்கையோடு சேர, போவதென்னையில் ஒரு பங்கு மறுபடியும் சுரங்கத்துக்குள் புகுந்து கலாவெவப் பக்கம் போகிறது. எஞ்சியது எலஹெரவைக் கடந்து மின்னேரியா, பராக்கிரம சமுத்திரம் எனப் பொலன்னறுவையின் குளங்களுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தப் பாதையின் மேல்முனையையும் பார்க்க வேண்டும். கண்டி நகரின் கழிவுநீரைச் சுமந்துவரும் மெத எல கெட்டம்பேயில் மகாவலியில் கலக்கிறது. கண்டியின் கோஹாகொடைக் குப்பைமேடும் அதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. இரண்டுமே பொல்கொல்லைக்கு மேற்புறம். ஆக, கண்டியின் அழுக்கில் ஒரு பங்கு மலையைத் துளைத்துக்கொண்டு உக்குவளைக்கு வருகிறது. உக்குவளை தன் பங்கையும் சேர்த்து வடமத்திய மாகாணத்து வயல்களுக்கு அனுப்புகிறது. சபையின் எல்லைக்கோட்டுக்குள் மட்டும் வரையப்படும் திட்டம் இந்த இரு முனைகளையும் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

நீரோடு மண்ணும் போகிறது. பொல்கொல்லைத் தேக்கம் கட்டி முடிந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வண்டலால் அடைபட்டதாகக் கணக்கிடப்பட்டது. மேல்மகாவலியின் சரிவுகளில் நடந்த அதே மண்ணரிப்புக்கு உக்குவளையிலிருந்து எல்கடுவைப் பக்கம் ஏறும் சரிவுகள் விதிவிலக்கல்ல. மிளகு, கராம்பு, சாதிக்காய், பலா, தென்னை என்று பல அடுக்கில் நிழல் தரும் பழைய வீட்டுத்தோட்டம் மண்ணைப் பிடித்து வைக்கிறது. அந்த நிழலை வெட்டி வெறும் சரிவில் ஆண்டுப்பயிர் போடும்போதும், வீட்டுக்கு இடம் தேடி மலையின் அடியை பெக்கோவால் சீவும்போதும்தான் சேறு ஓடைக்கு இறங்குகிறது. இதில் சபைக்குச் சங்கடமான உண்மை ஒன்று உண்டு: சரிவை வெட்டிச் சிறு வீதி போட்டுவிட்டு, வடிகானையும் மதகையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதில் சபைகளும் சளைத்தவை அல்ல. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது மாத்தளை மாவட்டமும் மண்சரிவுகளுக்குத் தப்பவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்கள் அதற்கு முன்பே இருந்தன. கட்டட வரைபடத்துக்கும் வீதி மதிப்பீட்டுக்கும் கையொப்பமிடுகிறவரின் மேசையில் அந்த வரைபடம் விரித்துக் கிடக்க வேண்டும். அலுமாரியில் இருக்கும் வரைபடத்தால் யாருக்கும் பயனில்லை.

சரிவுகளைப் பற்றிப் பேசினால் தோட்டங்களைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஓடைகள் பிறக்கும் உயரங்களில் பெரும்பகுதி தேயிலை, இறப்பர், வாசனைப்பயிர்த் தோட்டங்களிடம் இருக்கிறது. அங்கேதான் லயன் குடியிருப்புகளும் இருக்கின்றன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்காகச் சபை தன் பணத்தைச் செலவிட நீண்டகாலம் முட்டுக்கட்டையாக நின்றது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். ஆனால் சபையின் குப்பை வண்டி தோட்டத்து வாயிலோடு திரும்பியது. மலசலகூடக் குழிநீரும் லயன் குப்பையும் ஓடையைத் தவிர வேறெங்கும் போக வழியில்லாதபோது, அந்த ஓடை கீழே கிராமத்துக்கும் நகரத்துக்கும் வருவதை மட்டும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது தோட்டங்களுக்குள் பணி செய்யச் சபைகளுக்குச் சட்டத்தடை இல்லை. காணி தனியாருடையது என்ற சாக்கும் எடுபடாது. 1992இல் கம்பனிகளுக்குக் கைமாறியது குத்தகையும் நிருவாகமுமே; நிலம் அரசினுடையது. எல்கடுவ பெருந்தோட்ட நிறுவனமோ அரசுக்கே சொந்தமானது. தோட்டங்களை ஒதுக்கிவிட்டு வரையப்படும் திட்டம் அநியாயமானது என்பது ஒருபுறமிருக்க, அது பலிக்கவும் பலிக்காது. ஊற்று பிறக்கும் இடத்தை விட்டுவிட்டு ஆற்றைக் காப்பாற்ற முடியாது.

அதிகாரமெல்லாம் கொழும்பில் இருக்கிறது, சபையால் என்ன செய்ய முடியும் என்ற பதில் உடனே வரும். ஆறு மகாவலி அதிகார சபையிடம், மின்நிலையம் அரச மின்சார நிறுவனத்திடம், காடு வனத் திணைக்களத்திடம் என்று அடுக்குவார்கள். அவ்வளவும் உண்மை. ஆனால் மீதமிருப்பது கொஞ்சமல்ல. குப்பையை அகற்றுவதும் அதற்கு இடம் காண்பதும் 1987 சட்டத்தின்படி சபையின் கடமை. சேர்த்த குப்பை சபையின் உடைமை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், மாசு குறைந்த சிறு தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உத்தரவுப்பத்திரத்தை வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கட்டணம் அறவிடும் சீட்டாக நடத்துவதா, ஓடையோரம் கழிவெண்ணெய் விடும் வாகனத் திருத்தகத்தை நேராக்கும் கருவியாக நடத்துவதா என்பது சபையின் விருப்பம். கட்டட அனுமதி சபையிடம்; உள்ளூர் வீதியும் வடிகானும் சபையிடம். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு சபையும் அமைக்க வேண்டிய குழுக்களில் சுற்றாடலுக்கும் வாழ்வசதிகளுக்குமான குழு ஒன்றைச் சட்டமே பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. அதில் சபை உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்கலாம். தோட்டத்துத் தலைவியும் வாசனைப்பயிர் வியாபாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒரே மேசையில் அமர வேறு சட்டம் தேவையில்லை. தன் கையில் உள்ளதைப் பயன்படுத்தாத சபை, கையில் இல்லாததைக் காரணம் காட்டக் கூடாது.

பணமில்லை என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். சோலைவரியும் கடைவரியும் சம்பளத்துக்கே போதாத சபைகள் உண்டு. அதனால்தான் திட்டம் சிறியதாகவும் வரிசைப்படுத்தியதாகவும் இருக்க வேண்டும் என்கிறேன். பக்கத்து மாத்தளை மாநகர சபை 2007இல் செவனத்த என்ற தொண்டு நிறுவனத்தோடும் ஆசிய பசிபிக்குக்கான ஐ.நா. ஆணைக்குழுவோடும் சேர்ந்து, டாக்காவில் வெற்றி கண்ட முறையைப் பின்பற்றிச் சிறிய கூட்டெரு நிலையம் ஒன்றைத் தொடங்கியது. வீட்டிலேயே தரம்பிரித்த குப்பை, பெரும் இயந்திரமில்லாத வேலை, மிளகுக்கும் மரக்கறிக்கும் பசளை. எரு விற்ற பணத்தில் மட்டும் இத்தகைய நிலையங்கள் நிமிர்ந்து நிற்பது கடினம். அது உண்மைதான், ஆனால் குப்பையைத் தூரத்துக்கு ஏற்றிச் சென்று கொட்டும் செலவோடுதான் அதை ஒப்பிட வேண்டும். இன்னொரு வழியும் உண்டு: நீரால் ஆதாயம் காண்பவர்கள் நீர் வரும் மலைக்குப் பங்கு தரட்டும். நியூயோர்க் நகரம் 1997இல் செய்த உடன்பாடு இதற்குப் பெயர்பெற்ற சான்று. பல நூறு கோடி டொலர் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, கற்ஸ்கில் மலைப்பகுதியின் விவசாயிகளுக்கும் ஊர்களுக்கும் பணம் தந்து நீரேந்துபகுதியைக் காத்துக்கொண்டது. மின்நிலையத்தை நடத்தும் நிறுவனமும் கீழ்நிலக் குளங்களைப் பராமரிக்கும் நிறுவனங்களும் உக்குவளைச் சரிவுகளுக்குச் சிறு பங்கு ஒதுக்குவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வண்டல் தூர்வாரும் செலவு கடைசியில் அவர்கள் தலையில்தான் விழும்.

ஆனால் பங்கு கேட்கப் போகிறவர் கையில் கணக்கு இருக்க வேண்டும். திட்டத்தின் முதல் வேலையாக நான் வைப்பது நீர் அளவீட்டை. சுரங்க நீர் சுதுகங்கையில் விழும் வாயில், அதற்குச் சற்று மேலே, சபையின் எல்லையை ஆறு கடக்கும் இடம் ஆகிய மூன்று இடங்களில் மாதந்தோறும் மாதிரி எடுத்தால் போதும். மகாவலியின் பெருநீர் சேரும்போது உள்ளூர் அழுக்கு நீர்த்துப்போய்க் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே மின்நிலையம் ஓடாத நாளிலும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். அப்போது தெரிவதுதான் உக்குவளையின் சொந்தக் கணக்கு. சுரங்க வாயிலில் கிடைப்பது கண்டியோடு பேசுவதற்கான ஆதாரம். பள்ளிக்கூட ஆய்வுகூடமும் சுகாதார அலுவலகமும் சேர்ந்தால் பெருஞ்செலவு ஆகாது.

திட்டங்கள் தூசு படியவே எழுதப்படுகின்றன என்ற சலிப்புக்கும் நியாயமுண்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை நாட்டின் ஏறக்குறைய எல்லாச் சபைகளும் உறுப்பினர்களின்றிச் செயலாளர்களின் கையில் இருந்தன. மக்களிடம் பதில் சொல்ல யாருமில்லாத இரண்டு ஆண்டுகளில் எந்தத் திட்டமும் உயிரோடிருக்காது. இதற்கு மருந்து தடித்த அறிக்கையில் இல்லை. திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஆண்டுப் பாதீட்டில் ஒரு தொகையும் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவரும் இருக்க வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் அது ஒரே நாளில் வெளிவர வேண்டும். தமிழில் இல்லாத திட்டம் லயத்துக்குப் போய்ச் சேராது.

உக்குவளை வாசகர்கள் அத்தகைய திட்டம் வெளிவரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுற்றாடல் குழு எத்தனை முறை கூடியது, உங்கள் வட்டாரத்துத் தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்ற இரண்டையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடம் எழுத்தில் கேளுங்கள். பாதீடு நிறைவேறும் முன்பே கேளுங்கள்.